தன் சூட்டை மட்டுமே அறியும் கருவி: வெப்ப உணர்வியைப் பொருத்துவதும் சோதிப்பதும்

ஏணியில் ஏறி முகத்துக்கு நேரே பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வெப்ப உணர்வியின் மேல் குறைந்தது மூன்று பூச்சுப் பெயின்ட் இருந்தது. கூரைக்கு வெள்ளையடித்தவர்கள் ஒவ்வொரு முறையும் அதற்கும் சேர்த்து ஒரு கை போட்டிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் புதிதாக வாங்கி மாட்டியதைப் போலப் பளிச்சென்று இருந்தது. நடுவில் இருக்கும் உலோக வில்லையைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அது முழுதாக அடைபட்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பேனலிலோ எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேனல் பொய் சொல்லவில்லை. கம்பி அறுபடவில்லை, மின்சுற்று ஒழுங்காக இருக்கிறது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹீட் டிடெக்டர் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கருவியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு: அறையில் சூடு ஏறினால் அதற்குத் தெரிந்துவிடும் என்பது. அறையின் சூடு அதற்குத் தெரியாது. தன் உடம்பில் ஏறிய சூடு மட்டுமே தெரியும். தீயிலிருந்து கிளம்பும் வெப்பம் காற்றோடு பயணம் செய்து, கூரையை எட்டி, கருவியைத் தொட்டு, உள்ளே இருக்கும் சிறு உலோகத்தையோ காற்றறையையோ சூடாக்கினால்தான் மணி அடிக்கும். அந்தப் பயணத்தில் எங்கே தடை இருந்தாலும் தாமதம். எங்கே மாட்டுவது, எந்த வகையைத் தேர்வது, எப்படிச் சோதிப்பது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு செய்தியிலிருந்தே கிடைக்கிறது.

கருவி பழையது. அமெரிக்காவில் எடிசனோடு பணியாற்றிய ஃபிரான்சிஸ் ராபின்ஸ் அப்டன் 1890-இல் தானியங்கி மின் தீ எச்சரிக்கைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜார்ஜ் ஆண்ட்ரூ டார்பி 1902-இல் மின்சார வெப்பங்காட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு தகடுகளுக்கு நடுவே வெண்ணெய்க் கட்டி. அது உருகினால் மேல் தகடு கீழே விழுந்து மின்சுற்று இணையும் என்று அவருடைய அமைப்பைப் பற்றிச் சொல்வார்கள். வெண்ணெய் போய் ஈயக் கலவை வந்தது, அதன் பிறகு மின்னணுச் சில்லும் வந்தது. தத்துவம் என்னவோ மாறவில்லை.

புகை உணர்வி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலான தீயில் சூடு தெரிவதற்கு வெகு முன்பே புகை தெரிந்துவிடும். ஆள் உறங்கும் அறையில் வெப்ப உணர்வியை மட்டும் நம்பியிருப்பது தவறு. அது கூவும் நேரத்துக்குள் புகை தன் வேலையைக் காட்டியிருக்கும். ஆனால் தாளிக்கும் ஆவியும் எண்ணெய்ப் புகையும் எந்நேரமும் எழும் சமையலறையில், வண்டிப் புகை நிறைந்த நிறுத்துமிடத்தில், கொதிகலன் அறையில், மாவும் மரத்தூளும் பறக்கும் ஆலையில் புகை உணர்வியை மாட்டினால் அது தினமும் பொய்யாகக் கத்தும். பத்து முறை பொய்யாகக் கத்திய மணியைப் பதினோராவது முறை யாராவது ஓசைப்படாமல் நிறுத்திவைத்துவிடுவார்கள். அத்தகைய இடங்களுக்குத்தான் வெப்ப உணர்வி. மெதுவாகச் சொல்லும், ஆனால் சொன்னால் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எளிமையான வகை, குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் செயல்படுவது. அமெரிக்க வழக்கில் 57 டிகிரி செல்சியஸ், 88 டிகிரி என்ற இரண்டு அளவுகளை அதிகம் காணலாம். சிலவற்றில் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை ஒரு சுருள்வில்லைப் பிடித்துவைத்திருக்கும். கலவை இளகியதும் வில் விடுபட்டு மின்முனைகள் இணையும். ஒரு முறை இளகினால் அதன் ஆயுள் முடிந்தது. கழற்றிப் புதிதை மாட்ட வேண்டும். வேறு சிலவற்றில் இரட்டை உலோகத் தகடு வளைந்து தொடும், ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த வகைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. 57 டிகிரி என்று அட்டையில் எழுதியிருப்பது உள்ளிருக்கும் உலோகத்தின் சூடு. வேகமாக வளரும் தீயில், உலோகம் 57-ஐ எட்டும்போது வெளிக்காற்று அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். இந்தப் பின்தங்கலைக் குறைக்கத்தான் சூடு ஏறும் வேகத்தைக் கவனிக்கும் வகை வந்தது.

இதன் பழைய வடிவம் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் மின்னணு என்று ஒன்றுமே இல்லை. ஒரு சிறு காற்றறை, அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகச் சவ்வு, அறையின் உடலில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. சூடு மெல்ல ஏறினால் விரியும் காற்று துளை வழியாகக் கசிந்துவிடும், சவ்வு அசையாது. சூடு திடீரென ஏறினால் கசிவதற்கு நேரமில்லை, சவ்வு புடைத்து மின்முனைகளைத் தொடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.3 டிகிரி என்பது அமெரிக்க வழக்கில் வைத்திருக்கும் எல்லை. அந்தத் துளையில் தூசி அடைத்துக்கொண்டால் வெயில் ஏறும் சாதாரணப் பகற்பொழுதே தீயாகத் தெரியும். சவ்வில் விரிசல் விட்டால் எதிரே தீ எரிந்தாலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும், கருவி பேசாமல் இருக்கும். முதல் பழுது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதைச் சோதித்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். புகைந்து புகைந்து மெல்ல வளரும் தீ இந்த வேக எல்லைக்குக் கீழேயே நழுவிவிடக்கூடும் என்பதால், வேகத்தைப் பார்க்கும் பகுதியோடு நிலையான வெப்ப எல்லை ஒன்றையும் ஒரே கருவியில் சேர்த்துவிடுகிறார்கள். இன்றைய கருவிகளில் இந்த இரண்டு வேலையையும் சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்ற சிறு உறுப்பும் சிறு கணிப்பானும் செய்கின்றன.

வகையைத் தேர்வதில்தான் முதல் தவறு நடக்கிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 54-5 வெப்ப உணர்விகளை ஏ1, ஏ2, பி, சி முதலிய வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏ1 வகுப்பு, 25 டிகிரி வழக்கமாக நிலவும் இடத்துக்கானது. அங்கே சூடு 50-ஐத் தாண்டக் கூடாது. சூடு மெல்ல ஏறும்போது அது 54-க்கும் 65-க்கும் இடையே எச்சரிக்க வேண்டும். பி வகுப்பு 40 டிகிரி வழக்கமான இடத்துக்கானது, 69-க்கும் 85-க்கும் இடையே பேசும். எழுத்துக்குப் பின்னால் வரும் ஒட்டையும் கவனிக்க வேண்டும். ஆர் என்றால் ஏறும் வேகத்தையும் பார்க்கும். எஸ் என்றால் வேகம் எவ்வளவு இருந்தாலும் தன் குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே வாயே திறக்காது. அடுப்பு மூட்டியதும் குப்பென்று சூடு ஏறும் சமையலறைக்கு எஸ் வேண்டும். ஆர் மாட்டினால் ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் எல்லோரும் வெளியே ஓட வேண்டியதுதான். குளிரில் கிடந்த கிடங்கின் பெரிய கதவை மூடிச் சூடேற்றியை இயக்கும்போதும் இதே கதை. அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 72 சொல்லும் கணக்கு எளியது: அந்த இடத்தில் எதிர்பார்க்கும் உச்ச சூட்டைவிடக் கருவியின் எல்லை குறைந்தது 11 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். வெயிலில் காயும் கூரைக்கு அடியில் இருக்கும் மூடிய இடைவெளியில் 57 டிகிரிக் கருவியை மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. அதற்காக எங்கும் 88 டிகிரியை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பதும் சரியாகாது. எல்லை உயர உயரத் தாமதமும் கூடும், எச்சரிக்கை வரும்போது தீ அந்த அளவுக்குப் பெரிதாகியிருக்கும்.

அடுத்தது இடம். தீயின் வெப்பம் தூண் போல மேலெழுந்து, கூரையில் முட்டி, நாலாபக்கமும் ஒரு மெல்லிய அடுக்காக ஓடுகிறது. தண்ணீர்க் குழாயைத் தரையை நோக்கித் திறந்தால் நீர் பரவுவதைத் தலைகீழாக நினைத்துப் பார்த்தால் போதும். இந்த அடுக்குக்குள் கருவியின் உணரும் பகுதி இருக்க வேண்டும். பிரிட்டிஷ் நெறிமுறையான பி.எஸ். 5839 அதற்காகவே, உணரும் பகுதி கூரையிலிருந்து 25 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 150 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்கச் சொல்கிறது. புகை உணர்விக்கு இதே நெறிமுறை 600 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. வெப்ப உணர்விக்கு அந்தச் சலுகை இல்லை. அழகுக்காகக் குழாயில் தொங்கவிட்ட வெப்ப உணர்விகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. சூடான காற்று அதன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்க, அது கீழே குளிர்ந்த காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கும். வெப்ப ஓட்டம் அங்கே நுழையாமல் வளைந்து கீழிறங்கிவிடும். பிரிட்டிஷ் நெறிமுறை சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான். குளிரூட்டியின் காற்று வாய்க்கு நேரே மாட்டினால், தீயின் சூடு வருவதற்குள் அந்தக் காற்று அதைக் கலைத்துவிடும். சூடான காற்று வரும் வாய் என்றால் பொய் எச்சரிக்கை. ஆழமான உத்தரம் இருந்தால் வெப்பம் அதைத் தாண்டுவதற்கு முன் அதன் இடுக்கில் நிறைய வேண்டும். உத்தரத்தின் ஆழம் கூரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைச் சுவராகவே கொள்ள வேண்டும் என்பது பிரிட்டிஷ் கணக்கு.

இடைவெளிக் கணக்கில் இரண்டு மரபுகள். பிரிட்டிஷ் முறையில் தட்டையான கூரையின் கீழ் எந்தப் புள்ளியும் ஒரு வெப்ப உணர்வியிலிருந்து 5.3 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. புகை உணர்விக்கு இது 7.5 மீட்டர். 5.3 மீட்டர் ஆரமுள்ள வட்டங்களால் ஒரு கூடத்தை இடைவிடாமல் மூட வேண்டுமானால், கட்டம் போட்டது போல 7.5 மீட்டருக்கு ஒன்று என்று வரும். பலர் 5.3-ஐ இரட்டித்துப் பத்தரை மீட்டருக்கு ஒன்றாக மாட்டிவிடுகிறார்கள். நான்கு கருவிகளுக்கு நடுவே இருக்கும் இடம் அப்போது எந்த வட்டத்துக்குள்ளும் வராது. அமெரிக்க முறையில், கருவிக்கு அது சோதிக்கப்பட்ட இடைவெளி என்று ஓர் எண் உண்டு, 50 அடி என்பது பரவலாகக் காணப்படுவது. அது 10 அடி உயரக் கூரைக்கான எண். உயரம் கூடக் கூட அதை வெட்ட வேண்டும்: 18 அடிக்கு மேல் 20 அடி வரையிலான கூரைக்கு 0.64-ஆல் பெருக்க வேண்டும், 50 அடி 32 அடியாகிவிடும். காரணம் எளிது. உயர எழும் வெப்பத் தூண் வழி நெடுகக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொள்கிறது, கூரையை எட்டும்போது நீர்த்துப்போகிறது. பிரிட்டிஷ் முறை இதையே வேறுவிதமாகச் சொல்கிறது: ஏ1 வகுப்புக்குப் பொதுவாக 9 மீட்டர் உயரம் வரை, மற்ற வகுப்புகளுக்கு 7.5 மீட்டர் வரை. அதற்கும் மேலே போனால் வேறு வகை உணர்வியைத் தேட வேண்டும்.

கம்பி வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தவறு உண்டு, அதை நான் ஒரு கட்டடத்தில் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். சாதாரண மின்சுற்று முறையில் கடைசிக் கருவியில் ஒரு மின்தடை இருக்கும். பேனல் அதன் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் கம்பி அறுந்தாலோ கருவியைக் கழற்றினாலோ பழுது என்று மஞ்சள் விளக்கு எரியும். இதற்காகவே கருவியை மாட்டும் அடித்தட்டான ஒவ்வொரு பேஸிலும் உள்ளே வரும் கம்பிக்குத் தனித் திருகு, வெளியே போகும் கம்பிக்குத் தனித் திருகு. அங்கே வேலை செய்தவர், கம்பியை வெட்டாமல் உறையை மட்டும் சீவி, ஒரே திருகுக்கு அடியில் வளைத்துப் போட்டு இறுக்கியிருந்தார். வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். நான் துடைப்பதற்காக ஒரு கருவியைக் கழற்றினேன், பேனல் அமைதியாக இருந்தது. இரண்டாவதைக் கழற்றினேன், அப்போதும் அமைதி. அந்தத் தளம் முழுவதிலும் ஒரு கருவிகூட இல்லாமல் போனாலும் அந்தப் பேனல் எல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கும். அன்று முதல் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஆங்காங்கே ஒரு கருவியைக் கழற்றிப் பழுது விளக்கு வருகிறதா என்று பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உள்ள முறையில் இந்தத் தொல்லை குறைவு. பதில் வராத கருவியைப் பேனல் எண் சொல்லிக் கூப்பிடும்.

சோதனைக்கு வருவோம். சூடு காட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை பாதி. கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் தொலைவில் கண்காணிக்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வந்தால் தானாக என்னென்ன நடக்கும் என்று பட்டியல் எடுக்க வேண்டும்: லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்குமா, காற்றாடிகள் நிற்குமா, தீயணைப்பு வாயு பீய்ச்சுமா. கடைசியில் சொன்னதைத் துண்டிக்காமல் ஏணியில் ஏறுவது பெரிய மடமை.

பிறகு, இது எந்த வகை என்று பார்க்க வேண்டும். உருகும் கலவை உள்ள கருவிக்குச் சூடு காட்டினால் அது வேலை செய்யும், அத்தோடு அழிந்தும் போகும். அதற்குச் சூடே காட்டக் கூடாது. மின்முனைகளை இணைத்துச் சுற்று சரியா என்று மட்டும் பார்க்கலாம். மீளக்கூடிய வகை என்றால், கோலின் நுனியில் கிண்ணம் பொருத்திய சோதனைக் கருவியைக் கொண்டு மூடிச் சூடான காற்றைச் செலுத்தலாம். அது இல்லாவிட்டால் முடி உலர்த்தி போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பக்கவாட்டில் காட்ட வேண்டும். தொழிற்சாலைகளில் பெயின்ட் உரிக்கும் வெப்பக் காற்றுத் துப்பாக்கியை ஒட்டிப் பிடித்தால் பிளாஸ்டிக் உறை இளகி உருமாறிவிடும். மெழுகுவத்தி, லைட்டர் என்று தீயைக் கொண்டு தீ உணர்வியைச் சோதிக்கும் வீரர்களும் இருக்கிறார்கள்; எந்த நெறிமுறையும் அதை அனுமதிப்பதில்லை.

வேகம் பார்க்கும் காற்றறையும் நிலையான எல்லைக்கான கலவையும் சேர்ந்த பழைய கருவியில்தான் கை பழக வேண்டும். சூட்டைக் காட்டிய சில நொடிகளில் காற்றறைப் பகுதி செயல்பட்டு விளக்கு எரிந்துவிடும். அந்த நொடியே சூட்டை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று பிடித்துக்கொண்டிருந்தால் நடுவிலுள்ள கலவை இளகி, சூட்டை வாங்கும் வில்லை தொப்பென்று கையில் விழும். நல்ல கருவி ஒன்று போயிற்று. வில்லை விழுந்த கருவியைக் கீழிருந்தே அடையாளம் காணலாம் என்பது இந்த அமைப்பின் நல்ல பக்கம். அப்படி ஒன்றைப் பார்த்தால் அது முன்பு எப்போதோ தீயையோ இப்படி ஒரு சோதனையாளரையோ சந்தித்திருக்கிறது. நிலையான எல்லை மட்டும் உள்ள உயர்வகுப்புக் கருவிக்கு நேர்மாறாகப் பொறுமை வேண்டும், அந்தச் சூட்டை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். எச்சரித்த பின் ஆறவிடாமல் பேனலை மீட்டமைத்தால் மீண்டும் மணி அடிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு.

எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை? பிரிட்டிஷ் நெறிமுறைப்படி ஓராண்டுக்குள் ஒவ்வொரு கருவியையும் சோதித்திருக்க வேண்டும். அமெரிக்க நெறிமுறை, மீளக்கூடிய வகையில் ஒவ்வொரு மின்சுற்றிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துச் சோதித்து ஐந்தாண்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்க இடம் தருகிறது. சூடு காட்ட முடியாத, மீளாத வகைக்கு அது சொல்லும் வழி நன்றாகவே இருக்கிறது: பொருத்திப் 15 ஆண்டுகள் ஆனதும் எல்லாவற்றையும் மாற்றிவிடு, அல்லது நூற்றுக்கு இரண்டு கருவியைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பு. அந்த இரண்டின் இடத்தில் புதிதை மாட்ட வேண்டும். அனுப்பியதில் ஒன்று தவறினால் இன்னும் சிலவற்றை அனுப்பி, குறை அந்த ஒன்றோடு போகிறதா அல்லது எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை இதே வேலை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நெறிமுறையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பில் துடைப்பது சிறு பகுதிதான். சமையலறைக் கருவியில் எண்ணெய்ப் பிசுக்கு போர்வை போலப் படிந்து சூட்டைத் தாமதப்படுத்தும், அதைத் துடைக்க வேண்டும். பெயின்ட் பட்டதைச் சுரண்டிச் சரிசெய்ய முயலக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். இவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது கருவியை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் அறையை. போன ஆண்டு இல்லாத தடுப்புச் சுவர் எழும்பியிருக்கும். கூரைக்கும் அதற்கும் 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி இருந்தால் பிரிட்டிஷ் கணக்கில் அது முழுச்சுவர், அந்தப் பக்கத்துக்குத் தனிக் கருவி வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு, பழைய கருவியை அதற்கு மேலேயே விட்டிருப்பார்கள். அடுக்குகளை உயர்த்தி, பெட்டிகளைக் கருவியின் முகத்தை இடிக்கும் அளவுக்கு ஏற்றியிருப்பார்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெயின்ட் பூசிய கருவிக்குத் திரும்புகிறேன். அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பின்புற அட்டையில் 88 டிகிரி என்று இருந்தது. நின்றுகொண்டிருந்த அறையோ கூரைவரை காகிதக் கட்டுகள் அடுக்கிய, எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும் பதிவறை. விசாரித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்பு அது கொதிகலன் அறையாக இருந்ததாக அங்கிருந்த முதிய காவலர் சொன்னார். கொதிகலனை எடுத்தபோது கருவியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 57 டிகிரிக் கருவி ஒன்றை மாட்டினேன், பக்கத்தில் புகை உணர்வி ஒன்றும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். பதிவேட்டில் அந்தக் கருவியின் பெயருக்கு எதிரே, ஒவ்வோர் ஆண்டும் ஒரே கையெழுத்தில் "நல்ல நிலையில் உள்ளது" என்று வரிசையாக எழுதியிருந்தது.